பிழையே இல்லாத மையம்

எங்கள் அலுவலக வாசலில், செக்யூரிட்டி மேசைக்குப் பின்னால், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேடயம் இருக்கிறது. ‘பிழையே இல்லாத வெயில் காப்பு மையம், தூத்துக்குடி’ என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கும். வருஷா வருஷம் நாங்கள்தான் வாங்குகிறோம். அதைத் துடைப்பதற்கென்றே ஒரு ஆள் உண்டு. அதைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்த நாள் ஒன்று வந்தது. உடைக்கவில்லை, வேறொன்றைச் செய்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லும்போது நடுநடுவே எனக்குக் கோபம் வரும். அதைப் பொறுக்க முடியாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

என் பெயர் எப்சிபா. அந்த மையத்தில் டேட்டாபேஸ் புரோகிராமர்.

வெயில் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் மாசி முடிவதற்குள் வெயில் ஆளை அடித்துப் போடுகிறது. அதனால் வெளியில் நின்று வேலை செய்கிற எல்லார் மணிக்கட்டிலும் ஒரு காப்பு கட்டாயம். உடம்புச் சூடு, நாடி, வேர்வையில் எவ்வளவு உப்பு என்று மூன்றையும் அது அளந்து அளந்து எங்கள் மையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்கள் டேட்டாபேசில் ஒரு புரோகிராம் கணக்குப் போட்டு ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்பும். பச்சை என்றால் வேலை செய்யலாம். சிவப்பு என்றால் நிழலுக்குப் போக வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. மீறி வேலை வாங்கினால் கங்காணிக்கு ஜெயில். நல்ல சட்டம். செத்துப்போனவர்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போய், அடிபட்டு வாங்கின சட்டம். அதன் உயிர் எங்கள் புரோகிராமில் இருந்தது. உயிரா இருந்தது? சொல்கிறேன்.

என் அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி, என் மதினி பாக்கியசீலி, உப்பளத்தில் உப்பு வாருகிறாள். வாயாடி. வேலை முடிந்து வந்த கையோடு தெருவில் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. போன மாதம் ஒரு நாள் உச்சி வெயிலில், பாத்திக்குள்ளேயே முகம் குப்புற விழுந்துவிட்டாள். பக்கத்தில் நின்றவள் பார்த்துத் தூக்கியிருக்காவிட்டால் அந்த ஒரு சாண் தண்ணீரிலேயே முடிந்திருக்கும்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “கிட்னி ரெண்டும் அடிபட்டிருக்கு. மருந்துல சமாளிக்கலாம். ஆனா இன்னொரு தடவை இந்த மாதிரி சூடு ஏறி விழுந்தாங்கன்னா எழுப்ப முடியாது. புரியுதா?” என்றாள். புரிந்தது.

வார்டுக்குள் போனால் மதினி குளுக்கோஸ் ஏறுகிற கையோடு உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரியைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மற்றக் கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினாள்.

“ஏட்டி எப்சி, ஒங்க ஆபீசுக்காரனுக்குக் கண்ணு கிண்ணு அவிஞ்சு போச்சா? எனக்குத் தல சுத்துது, கண்ணு இருட்டுது, கால் ரெண்டும் எனக்கில்ல. கையப் பாத்தா பச்ச! சரி, காப்பே நல்லாருக்கேன்னு சொல்லுது, நமக்குத்தான் ஒடம்பு வணங்கலன்னு நெனச்சு இன்னும் ரெண்டு பலகை உப்பு இழுத்தேன். அப்படியே போய்ட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தன் உடம்பு சொன்னதை விட்டுவிட்டு எங்கள் விளக்கு சொன்னதை நம்பியிருக்கிறாள்.

அன்றைக்குச் சாயங்காலமே கங்காணி ஆஸ்பத்திரிக்கு வந்தான். பழம் வாங்கிக்கொண்டு வந்தானா? இல்லை. “பச்ச எரியும்போது விழுந்தா அதுக்குப் பேரு நடிப்பும்மா. மையத்துல கேட்டாச்சு, ஒங்க கணக்குல ஒரு கோளாறும் இல்ல. திங்கக்கிழம பாத்திக்கு வந்துரு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவோம்” என்று சொல்லிவிட்டுப் போனான். அவனை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

மறுநாள் அலுவலகத்தில் மதினியின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். விழுந்த அன்று காலையில் அளவுகள் ஒழுங்காக வந்திருக்கின்றன. வெயில் ஏறின பிறகு ஒன்றுமே இல்லை. வெறுமை. ஆஸ்பத்திரியில் கையைக் கழுவித் துடைத்த பிறகு மறுபடி அளவுகள். நடுவில் என் மதினி பூமியில் இல்லாதவள் மாதிரி ஒரு ஓட்டை.

அளவு வரவில்லை என்றால் பிழை என்று எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். பிழைகளுக்கென்று ஒரு அட்டவணை உண்டு. திறந்தேன். காலி. போன மாதம் காலி. போன வருஷம் காலி. அட்டவணை உருவான நாளிலிருந்து அதில் ஒரு வரிகூட விழவில்லை. ஒரு மாவட்டத்து ஜனம் முழுக்க, அத்தனை காப்பு, அத்தனை அளவு, ஒரே ஒரு பிழைகூடவா வராது? எங்கள் வீட்டு மிக்ஸியே வாரத்துக்கு ஒரு தடவை மக்கர் பண்ணுகிறது!

நிறம் சொல்லும் புரோகிராமைத் திறந்து கடைசி வரை வாசித்தேன். கடைசியில் இருந்தது அந்த வரி. வென் அதர்ஸ் தென் நல். தமிழில் சொன்னால், ‘வேறு என்ன பிழை வந்தாலும், ஒன்றும் செய்யாதே.’ எங்கள் தொழிலில் முதல் மாதமே சொல்லித் தருவார்கள், இதை எழுதாதே என்று. எழுதியவர் பெயரும் மேலேயே இருந்தது. கோகுல்நாத், எங்கள் மையத் தலைவர்.

அன்று சாயங்காலம் மதினி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். படுக்கச் சொன்னால் கேட்காமல் அடுப்படியில் கருவாட்டை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றுகொண்டு சொன்னேன்.

“மதினி, புரோகிராம் ஓடும்போது அது எதிர்பாக்காத ஒண்ணு வந்துட்டா அங்கனயே நின்னு கத்தும். அதக் கூப்பிட்டவனப் பாத்துக் கத்தும். அவன் காதுல வாங்கலைன்னா அவனுக்கும் மேல உள்ளவன்கிட்ட போகும். யாராவது ஒருத்தன் ‘சரி, இத நான் பாத்துக்கிடுதேன்’னு கையில வாங்குத வரைக்கும் போய்க்கிட்டே இருக்கும்.”

“கங்காணி கேக்கலன்னா மேனேஜரு, மேனேஜரு கேக்கலன்னா மொதலாளின்னு நாங்க போகமாட்டமா, அது மாதிரி.”

“அதேதான். இங்க நடுவுல ஒருத்தன் கையில வாங்கிட்டான். வாங்கித் தூரப் போட்டுட்டு, மேல உள்ளவன்கிட்ட ஒண்ணும் நடக்கலன்னு சொல்லிட்டான்.”

“எங்க கங்காணியேதான்!” என்று மதினி சிரித்தாள். “சரி, எனக்கு என்ன பிழ வந்துச்சாம்?”

“வேர்வை உப்புக்கு ரெண்டு இலக்கம் எழுதத்தான் எடம் விட்டிருக்காங்க. ஊர்ல மத்தவங்களுக்கு அது போதும். ஒங்க கை விடிஞ்சதுல இருந்து உப்புக்குள்ளயே கெடக்கு. வேர்க்க வேர்க்க மேல படிஞ்ச உப்பும் சேந்து கரையும். மூணு இலக்கம் வந்துரும். எடம் பத்தாது. கணக்கு நின்னுரும்.”

“நின்னா செவப்பு வரணுமா இல்லையா?”

“ஆரம்பிக்கும்போதே பச்சைன்னு எழுதி வச்சுட்டுத்தான் கணக்கு போடுது. ஆபத்துன்னு கண்டாத்தான் அத அழிச்சுட்டு சிவப்பு போடும். நடுவுல நின்னா மொத எழுதின பச்சையே ஒங்க கைக்கு வந்துரும்.”

மதினி கருவாட்டைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். சிரிப்பு போய்விட்டது.

“அப்போ வெயில் கூடுன நேரத்துலதான் எங்களுக்குக் கணக்கே கெடையாது. ஏட்டி, உப்பளத்துக்காரிக்குக் காப்பு போட்டவன் உப்பளத்த ஒரு தடவ எட்டிப் பாக்க மாட்டானா?”

“திங்கக்கிழம நீங்க போகக் கூடாது மதினி.”

“நான் போகலன்னா என் பாத்தியில இன்னொருத்தி நிப்பா. அவ கையில மட்டும் என்ன, ஒங்க பச்சதான எரியும்? நீ அதச் சரி பண்ணு. நான் போறேன்.”

“செத்துப் போவீங்க!”

“அதுக்குள்ள சரி பண்ணு” என்றாள், ஏதோ வரும்போது கடையில் சீனி வாங்கிக்கொண்டு வா என்பது போல. டாக்டரம்மா சொன்னதை எல்லாம் கத்திக் கத்திச் சொன்னேன். பிடிவாதக்காரி. திங்கட்கிழமை காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் நேரே கோகுல்நாத் சார் அறைக்குப் போனேன். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். குரலை உயர்த்த மாட்டார். யாருடைய பிறந்தநாளையும் மறக்க மாட்டார். “உக்காருங்க எப்சிபா, காபி சொல்லவா?” என்றார். காபி வேண்டாம் என்று சொல்லி, அந்த வரியைக் காட்டினேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதுதான் எனக்கு முதல் அடி.

“நான் போட்டதுதான்” என்றார். “நீங்க அப்ப வேலைக்குச் சேரல. சட்டம் வந்த முதல் கோடை. எல்லாக் காப்பும் ஒரே வரிசையில கணக்குக்கு வரும். எவனோ ஒருத்தனோட காப்புல தேதி தப்பா இருந்துச்சு, அந்த ஒரு பிழையில மாவட்டம் முழுக்க நின்னுபோச்சு. தார் ரோடு போட்டுக்கிட்டிருந்தவங்களுக்கு சிவப்பு போகல. செத்தாங்க. அவங்க வீட்டுக்கெல்லாம் நான்தான் போனேன். சிஸ்டம் இனிமே நிக்கவே கூடாதுன்னு அன்னிக்கே இந்த வரியப் போட்டேன். தற்காலிகமாத்தான்.”

“சார், அதெல்லாம் பழைய கதை. இப்ப ஒவ்வொரு காப்பும் தனித்தனியாத்தான் கூப்பிடுது. ஒண்ணு நின்னா மத்தது நிக்காது. அப்புறம் ஏன் இன்னும் இருக்கு?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் விடவில்லை.

“பிழையப் பிடிக்கிறது தப்பில்ல சார். பிடிச்சு என்ன பிழைன்னு எழுதணும். யார் கையின்னு எழுதணும். தெரியலைன்னா சிவப்பு போடணும். தெரியாததுக்கு எப்படி சார் பச்சை போடலாம்?”

“எப்சிபா, கோபப்படாம யோசிங்க. தெரியாததுக்கெல்லாம் சிவப்பு போட்டா பாதி மாவட்டம் வேலைய விட்டுட்டு நிழல்ல உக்காந்திருக்கும். மேல ஒத்துக்குவாங்களா? இந்தச் சட்டத்தையே தூக்கிடுவாங்க. பிழை இல்லாத மையம்ங்கிற பேர் இருக்கிறதாலதான் இந்தச் சட்டமே உயிரோட இருக்கு. அதையும் பாருங்க.”

“சட்டம் உயிரோட இருக்கு. ஆளுங்க?”

“நான் மாட்டேன்னு சொல்லல. வெள்ளிக்கிழமை புரோகிராம் மாற்றக் குழு கூடுது. அதுல வைப்போம்.”

“என் மதினி இப்ப பாத்தியில நிக்கா சார்! வெள்ளிக்கிழமைக்கு அவ இருக்கணும்ல?”

“அவங்கள மட்டும் வீட்டுக்கு வரச் சொல்லுங்க.”

அவளை மட்டும்! அந்த இடத்தில்தான் எனக்குத் தாங்கவில்லை. அவர் மேசையில் சோதனைக்காக வைத்திருக்கிற காப்பு ஒன்று கிடந்தது. அதற்கு நாம் விரும்புகிற அளவைக் கொடுத்துப் பார்க்கலாம். நான் அவர் பக்கமாகச் சுற்றிப் போய், கேட்காமலே கீபோர்டை இழுத்தேன்.

“சார், ஒரே ஒரு கணக்கு. பாத்துட்டு வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கணுமான்னு சொல்லுங்க. உங்க புரோகிராம்ல ஒரு இடத்துல நாடியால வகுக்குறீங்கல்ல? ஞாபகம் இருக்கா?”

“ஆமா.”

“இந்தாங்க. நாடி பூஜ்யம்.”

பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். புரோகிராமுக்கும் முடியாது. பிழை. பிழையை அந்த வரி விழுங்கியது. மேசையில் கிடந்த காப்பு ஒரு தடவை மினுக்கியது. பச்சை.

நான் மறுபடி மறுபடி அனுப்பினேன். பச்சை. பச்சை. பச்சை.

“செத்தவன் கையிலயும் பச்சைதான் சார் எரியும். வேலை செய்யலாம்னு சொல்லுது பாருங்க உங்க மையம்.”

இதை அவர் யோசித்ததே இல்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. யோசித்திருக்க வேண்டாமா? அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கேடயத்தை வாங்கி, கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்ட மனிதன் ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டாமா?

“வெள்ளிக்கிழமை கண்டிப்பா...” என்று ஆரம்பித்தார்.

நான் அந்தப் புரோகிராமைத் திறந்தேன். அதை மாற்றுகிற அதிகாரம் அவருடைய உள்நுழைவுக்குத்தான் உண்டு. அது திறந்தபடி என் கைக்குக் கீழே இருந்தது. அந்த வரியை அழித்தேன். அதற்குப் பதிலாக, என்ன பிழை, யார் காப்பு, எந்த இடம் என்று அட்டவணையில் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு அந்தப் பிழையை மேலே தள்ளச் சொன்னேன். மேலே யாரும் பிடிக்காவிட்டால் அது கடைசியில் கூப்பிட்ட காப்புக்கே போகும். பதில் இல்லாமல் பிழை மட்டும் வந்து சேர்ந்தால் காப்பு கத்த வேண்டும், கையிலிருந்து கழற்றுகிற வரைக்கும் கத்த வேண்டும். காப்பைச் செய்த புண்ணியவான் அப்படித்தான் செய்திருக்கிறான். காப்போடு வந்த விளக்கத்தாளில் ஒரு வரியாக அது இருக்கிறது. மாவட்டத்தில் யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை, ஏனென்றால் ஒரு பிழையையும் நாங்கள் வெளியே விட்டதில்லை.

சிவப்பு மட்டும் போட்டிருக்கலாம். நிதானமான புரோகிராமர் அதைத்தான் செய்வாள். நான் அன்று நிதானமாக இல்லை. குனிந்து உப்பு வாருகிறவள் நிமிஷத்துக்கு ஒரு தடவை மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டா இருப்பாள்? அவள் காதில் விழ வேண்டும். கங்காணி காதில் விழ வேண்டும். ஊர் காதில் விழ வேண்டும்.

“கையை எடுங்க எப்சிபா” என்றார் கோகுல்நாத் சார். பக்கத்தில்தான் நின்றார். என் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை.

புரோகிராமை ஏற்றினேன்.

முதலில் மேசையில் கிடந்த காப்பு கத்தியது. நாடி பூஜ்யம் இன்னும் அதற்குள் இருந்தது. காதைத் துளைக்கிற சத்தம், கைக்குழந்தை வீறிடுகிற மாதிரி. நான் எதிர்பார்த்ததுதான். அடுத்து வாசல் செக்யூரிட்டியின் காப்பு கத்தியது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் என்ன உப்பா வாருகிறார்? ஜன்னலைத் திறந்தேன். எதிரே பாலத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையெல்லாம் கத்தியது. போக்குவரத்து போலீஸ்காரர் கையை உதறிக்கொண்டு ரோட்டு நடுவில் நின்றார். குப்பை வண்டிக்காரி, தண்ணீர் லாரிக்காரன், மரத்தடியில் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தவன். தெரு தெருவாகச் சத்தம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. உப்பளத்துப் பெண்களுக்கு மட்டும்தான் இந்தக் கேடு என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பாவி, ஊர் முழுக்கவா?

திரையில், இத்தனை வருஷம் காலியாகக் கிடந்த அட்டவணையில், வரிகள் கொட்டிக்கொண்டிருந்தன. கண்ணால் பின்தொடர முடியவில்லை. வயது இல்லை, தேதி தப்பு, இடம் பத்தவில்லை, பெயர் இரண்டு தடவை. ஒவ்வொன்றும் ஒரு ஆள், ஒவ்வொருவர் கையிலும் இதுவரை எரிந்தது பச்சை.

மதினிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது காதுக்குள் கேட்டது. மூன்றாம் தடவை எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

“ஏட்டி! என்னட்டி பண்ணித் தொலச்ச? எல்லார் கையும் கத்துது!”

“மதினி, ஒங்களுக்கு எப்படி இருக்கு?”

“தல சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு. இப்ப கொட்டாயில உக்காத்தி வச்சிருக்காளுவ, மூஞ்சில தண்ணி ஊத்துதாளுவ. கங்காணி குதிக்கான். கத்துத காப்ப வச்சுக்கிட்டு வேல வாங்கு பாப்போம்னு மரியபுஷ்பம் அவன் மூஞ்சிக்கு நேரா கையக் காட்டுதா. ஒனக்கு வேல போயிருமாட்டி?”

“போகட்டும்” என்றேன். எனக்கு அழுகை வந்தது. அவள் உட்கார்ந்திருக்கிறாள், நிழலில் இருக்கிறாள், பேசுகிறாள். போனை அணைக்காமலே மேசையில் வைத்தேன்.

அதற்குள் கோகுல்நாத் சாரின் மேசைத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்திருந்தது. எடுத்தார். “ஆமா சார்... இல்ல சார்... இதோ சார், உடனே சார்” என்றார். வைத்தார். மறுபடி அடித்தது. மறுபடி அதே ‘இதோ சார்’. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

“பழையபடி மாத்தச் சொல்றாங்க. உங்க மேல நடவடிக்கை வரும், நான் முடிஞ்ச அளவு பேசிப் பாக்கறேன். இத்தனை வருஷமா இல்லாத பிழைய ஒரே காலையில நீங்க உண்டாக்கிட்டீங்கன்னு சொல்றாங்க.”

“நான் உண்டாக்கினேனா? நானா சார்?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

நான் சேர்த்ததைத் திரையில் அழித்தார்; திரும்ப ஏற்றுகிற வரைக்கும் என்னுடையதுதான் ஓடும். அந்தப் பழைய வரியை எழுத ஆரம்பித்தார். எங்கள் மையத்தில் அதை எல்லாரையும்விட வேகமாக அடிக்கத் தெரிந்தவர் அவர்தான்.

போனில் மதினியின் குரல் மறுபடி கேட்டது. இரைச்சல் குறைந்திருந்தது.

“எப்சி, இருக்கியா? காது ரெண்டும் போச்சுன்னு எல்லாவளும் காப்பக் கழத்திக் கூடைக்குள்ள போட்டுட்டோம். கழத்தினா நின்னுருதுட்டி.”

“ஆமா மதினி, கழத்தினா நின்னுரும்.”

“எல்லாம் நின்னுருச்சு. ஆனா ஒண்ணு மட்டும் கத்திக்கிட்டே இருக்கு.”

“யாராவது கழத்தாம இருப்பாங்க. பாருங்க.”

“ஒருத்தர் கையிலயும் இல்லட்டி. எண்ணியாச்சு. கங்காணி கையும் பாத்தாச்சு. கொட்டாய விட்டு வெளிய வந்து நிக்கேன். சத்தம் அம்பாரத்துப் பக்கத்துல இருந்து வருது.”

அம்பாரம் என்றால் வாரின உப்பைக் குவித்து, மேலே தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிற மேடு. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். கோகுல்நாத் சார் தட்டுவதை நிறுத்தினார். நான் போனின் ஒலியைக் கூட்டினேன்.

அந்த அறை முழுக்க அது கேட்டது. மேசைக் காப்பின் சத்தமேதான், ஆனால் ஏதோ கம்பளிக்குள் வைத்து அமுக்கினது போல அமுங்கி வந்தது.

“பக்கத்துல போயிட்டேன்” என்றாள் மதினி. “ஏட்டி, இது உள்ளருந்துல்லா வருது. உப்புக்குள்ள இருந்து வருது.” அவள் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. “ஏ மரியபுஷ்பம், பலகைய எடுத்துட்டு வாங்கட்டி! எல்லாரும் வாங்க!”

நான் திரையைப் பார்த்தேன். புது வரிகள் விழுவது குறைந்துகொண்டே வந்தது. மதினி இருக்கிற உப்பளத்தை மட்டும் தனியாகக் கேட்டேன். கழற்றின காப்புகள் எல்லாம் அடங்கிவிட, ஒரே ஒரு காப்பு மட்டும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. பெயர் சுதாம். வேலை, சுமை ஏற்றுதல். சொந்த மாநிலம் ஒடிசா. பிழை, பூஜ்யத்தால் வகுத்தல்.

“மதினி, சுதாம்னு அங்க ஒரு ஆள் உண்டா?”

“சுதாமா? ஊருக்குப் போய்ட்டானே! சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான், இந்த வடக்கத்திப் பயலுவளே இப்படித்தான்னு கங்காணி...” பின்னால் பலகைகள் உப்பைச் சரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ வேகமாக ஜெபம் சொன்னாள். காப்பின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகிக்கொண்டே வந்தது.

“போடுங்க சார்” என்றேன். “அந்த வரியப் போடுங்க. போட்டீங்கன்னா இதுவும் நின்னுரும். பச்சையாயிரும்.”

கோகுல்நாத் சார் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேசைத் தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

“எப்சி.” மதினிக்கு மூச்சு வாங்கியது. “கை தெரியுதுட்டி. கைதான் மொதல்ல தெரியுது. உப்புல ஒண்ணும் ஆகாம அப்படியே கெடக்கு.” அழுதாள். என் மதினி அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை. “சத்தம் தாங்க முடியலட்டி, எல்லாவளும் காதப் பொத்திக்கிட்டு நிக்காளுவ. கழத்தட்டா?”

“கழத்தாதீங்க மதினி” என்றேன். “கலெக்டர் வரட்டும், மொதலாளி வரட்டும். எல்லாரும் வந்து கேக்குத வரைக்கும் கத்தட்டும்.”